எதிர்தரப்பு மூன்று

"ஏங்க, யார் மேல கேஸ் போட்டிருக்கீங்களோ அவரு பைக்லயே பின்னால உக்காந்து வந்து இறங்குறீங்களே, இதென்ன கூத்து?" என்று நுகர்வோர் ஆணையத்து வாசலில் வைத்தே கேட்டுவிட்டான் சார், அந்த டை கட்டிய வக்கீல். நான் இறங்கி, வேட்டியை உதறிவிட்டு, நிதானமாகத்தான் சொன்னேன். "கேஸ் வேற, பெட்ரோல் வேற. சாத்தூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வரணும். பைக்ல வந்தா பாதிப் பாதி." வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டிருந்த வெயிலு மட்டும் சிரித்தான். எதிர்தரப்பு சிரிக்கக் கூடாது என்று நான் அவனை முறைத்தேன்.

பையை மேலே வைத்துவிடுங்கள் சார், காலுக்கு இடம் கிடைக்கும். நீங்கள் மதுரைக்கா? நான் விருதுநகர் வரை. போதும், அதற்குள் சொல்லிவிடலாம். பேங்க்கில் லோன் கேட்டால் இழுத்தடிக்கிறார்கள் என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அதைக் கேட்டதும்தான் எனக்கு வாய் வந்துவிட்டது. ஒட்டுக்கேட்கவில்லை. பக்கத்து சீட்டில் இருந்தால் காதில் விழத்தானே செய்யும்.

சாத்தூரில் எனக்குச் சேவுக் கடை. மெயின் ரோட்டிலேயே. இருபத்திரண்டு வருஷமாக அதே கட்டடம், வாடகைக்கு. அந்தச் சுவரைச் சுரண்டிக் கொதிக்க வைத்தால் கால் லிட்டர் கடலெண்ணெய் இறங்கும். கட்டட ஓனரின் மகன் கோயம்புத்தூரில் இருக்கிறான், விற்கப் போகிறேன் என்றான். "அண்ணாச்சி, மொதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன். நீங்க வாங்கலைன்னா செல்போன் கடைக்காரர் ஒருத்தர் பணத்தோட நிக்காரு" என்றான். நிற்கட்டும். எனக்கென்ன, யாரிடமும் கடன் கிடையாது, கையில் கொஞ்சம் இருக்கிறது, மீதிக்குப் பேங்க் இருக்கிறது என்று நிமிர்ந்து போனேன்.

பேங்க் மேனேஜர் ஜெசிந்தா மேடம். நல்ல மாதிரி. என் கடைக் காராச்சேவுதான் அவர்கள் வீட்டுக்கும் போகிறது. கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார்கள், முகம் சுருங்கிவிட்டது. "உங்க கிரெடிட் ஸ்கோர் நானூத்தி எழுபது சார்."

"எத்தனைக்கு மேடம்?"

"தொள்ளாயிரத்துக்கு."

"பாதிக்கு மேல இருக்கே. பாஸ்தானே?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுநூறாவது இருக்க வேண்டுமாம். நான் ஒரு லோடு வேன் வாங்கினேனாம், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில். கட்டாமல் விட்டேனாம். வராக் கடன் என்று எழுதிவிட்டார்களாம். எனக்கு சைக்கிளே ஒரு பக்கம் சாய்ந்துதான் போகும் சார். நானாவது, வேன் வாங்குவதாவது.

வேன் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. எங்கள் ஊரில் வேன் வைத்திருந்த வெயில்முத்து ஒருத்தன்தான். வண்டி வெயிலு. நான் கடை வெயிலு.

என் பெயரைச் சொல்லவே இல்லையா? மா. வெயில்முத்து. அவனும் மா. வெயில்முத்துதான். எங்கள் ஊர் அம்மன் வெயிலுகந்தாள். ஆண் பிள்ளை பிறந்தால் வெயில்முத்து, பெண் பிள்ளை பிறந்தால் வெயிலம்மாள், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எங்கள் அப்பா மாரியப்பன், அவன் அப்பா மாடசாமி. இரண்டுக்கும் முன்னால் ஒரே எழுத்துதான். நம் பக்கத்தில் யார் அப்பா பெயரை முழுசாக எழுதுகிறார்கள்?

சரி, பெயர்தான் ஒன்று, பிறந்த தேதி எப்படி ஒன்றாகும் என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் செய்த வேலை அது. வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிப் போட்டு இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் அஞ்சு வயசு ஆகிவிட்டது, சேர்த்துக்கொள்ளலாம். தொட்டவன் பிறந்தது என்றைக்கு? பள்ளிக்கூடம் திறக்கிற நாளில் இருந்து அஞ்சு வருஷம் கழித்துவிடுவார். ஜூன் ஒன்று. எங்கள் வகுப்பு முழுக்க ஜூன் ஒன்றாம் தேதி பிறந்ததுதான். எங்கம்மா, "அய்யா, இவன் ஐப்பசி அடைமழையில பிறந்தவன்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். "ஐப்பசியெல்லாம் சர்க்காருக்குப் புரியாது தாயி" என்று எழுதி முடித்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரில் பாதிப் பேருக்கு வாழ்த்துச் சொல்வதை ஒரே நாளில் முடித்துவிடலாம்.

அன்று சாயங்காலமே வண்டி வெயிலு வீட்டுக்குப் போனேன். அவனும் சாத்தூருக்கு வந்து ரொம்ப நாளாகிறது, எனக்கு அடுத்த தெரு. கொரோனா சமயத்தில் லோடு இல்லை, தவணை நின்றது, கம்பெனிக்காரன் வேனைத் தூக்கிக்கொண்டு போனான், விற்றான், விற்றது போகவும் பாக்கி நின்றது. இப்போது வேறொருத்தர் வண்டிக்குச் சம்பளத்துக்கு ஓட்டுகிறான். நான் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம்.

"ஆமா மாப்ளே, அது என் கடன்தான். ஒன் பேர்லயா போய் நிக்கி? நான்கூட என்னடா இது, அப்புறம் ஒருத்தனும் வந்து கேக்கலையேன்னு நெனச்சேன்."

"நெனச்சியா? நெனச்சிட்டுச் சும்மா இருந்தியா?"

"கேக்காதவன்கிட்ட நானா போய், அண்ணே எங்கிட்ட கேக்க மறந்துட்டீகன்னு சொல்ல முடியுமா? சரி, யாருகிட்ட வந்து சொல்லணும், சொல்லு, வாரேன்."

எங்கே போய்ச் சொல்வது, அதுதான் தெரியவில்லை. ஸ்கோர் போடுகிற கம்பெனி ஒன்று இருக்கிறது சார், வடக்கே. அதற்கு எழுதினால், கடன் கொடுத்த கம்பெனி சொன்னால்தான் மாற்றுவோம் என்று பதில் வரும். கடன் கொடுத்த கம்பெனிக்குப் போனால், எங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, எவன் கணக்கில் ஏற்றினான் என்று ஸ்கோர் கம்பெனியைக் கேளுங்கள் என்பான். போனில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு. அமுக்கி அமுக்கி என் கட்டை விரல் தேய்ந்ததுதான் மிச்சம். என் வீட்டுக்காரி கனகு சேவு பிழிந்துகொண்டே சொல்வாள்: "பாத்து அமுக்குங்க. அந்தம்மனுக்கு நேந்து பேரு வச்சவுக கடனெல்லாம் வரிசையா வந்து ஏறிறப் போகுது."

அவளுக்குக் கிண்டல். எனக்குக் கட்டடம் போய்க்கொண்டிருக்கிறது. ஓனர் மகன் ஒரு தவணை தள்ளிக் கொடுத்தான், இன்னொரு தவணை தள்ளிக் கொடுத்தான். செல்போன் கடைக்காரன் ஒருநாள் வந்து கடைக்கு முன்னால் நின்று அகலத்தை எட்டு வைத்து அளக்கிறான். நான் உள்ளே இருக்கும்போதே!

அப்போதுதான் நுகர்வோர் ஆணையம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. வக்கீல் வேண்டாம், நாமே வாதாடலாம் என்றார்கள். எனக்கு அது பிடித்துவிட்டது. பழைய புத்தகக் கடையில் சட்டப் புத்தகம் ஒன்று வாங்கினேன். முன்பக்கம் கொஞ்சம் இல்லை, ஆனாலும் சாரம் இருக்கிறது. ஆணையத்துக்கு எதிரே மனு டைப் அடிக்கிற ஒருவர், சம்பந்தப்பட்ட எல்லாரையும் எதிர்தரப்பில் சேர்க்க வேண்டும், ஒருத்தர் விட்டுப்போனாலும் மனு நிற்காது என்றார். எல்லாரையும் என்றால்? ஸ்கோர் கம்பெனி எதிர்தரப்பு ஒன்று. ஃபைனான்ஸ் கம்பெனி இரண்டு. வண்டி வெயிலு மூன்று.

ஆமாம், அவனைத்தான். சட்டம் என்றால் அப்படித்தான் சார்.

நோட்டீஸ் பதிவுத் தபாலில் போனது. மறுநாள் காலையில் அவன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டான். "மாப்ளே, கோர்ட்டு மாதிரி எங்கேயோ இருந்து வந்திருக்கு. கண்ணாடி எடுத்துட்டு வரல. என்னன்னு வாசி."

வாசித்தேன். மேற்படி மூன்றாம் எதிர்தரப்பினராகிய நீர் நேரில் ஆஜராகி உமது பதிலைத் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் உமக்கு எதிராக ஒருதலைப்பட்சமாக உத்தரவு பிறப்பிக்கப்படும்.

"யாரு போட்டது?"

"நான்தான்."

"சரி. என்னைக்கு?"

"பதினெட்டாந்தேதி."

"அன்னைக்கு லோடு கெடயாது. காலைல ஏழு மணிக்கெல்லாம் ரெடியா இரு, பைக்ல போயிருவோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதம் ஒரு வாய்தா. ஸ்கோர் கம்பெனியின் டை வக்கீல் வருவான், நேரம் வேண்டும் என்பான். ஃபைனான்ஸ் கம்பெனி வக்கீல் வந்தால் அவன் வரமாட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரு வாய்தாவைக்கூட விட்டதில்லை. போகும்போது சிவகாசியில் இறங்கிப் பூரி. ஒருநாள் பில் நான், ஒருநாள் அவன். அவன் பில் நாளில் நான் அளவாகத்தான் சாப்பிடுவேன். என் பில் நாளில் அவன் ஒரு செட்டுக்கு மேல் தொடவே மாட்டான், வயிறு சரியில்லை என்பான். வயிறு சரியில்லாத ஆள் அவன். அவன் பில் நாளிலும் அப்படித்தான்.

பைக்கில் பின்னால் உட்கார்ந்து நான் வாதத்தை ஒத்திகை பார்ப்பேன். அவன் ஓட்டிக்கொண்டே எதிர் வக்கீலாக இருப்பான். "கனம் தலைவர் அவர்களே" என்று நான் ஆரம்பித்தால், "ஆட்சேபணை" என்று முன்னால் இருந்து கத்துவான். "இன்னும் ஒண்ணுமே சொல்லலையேடா" என்பேன். "சினிமாவுல அப்படித்தான் கத்துறாங்க" என்பான். சம்பளத்துக்கு ஓட்டுகிறவனுக்கு வாய்தா நாளில் கூலி கிடையாதுதான். ஆனால் அவனுக்கும் ஊர் சுற்றிய மாதிரி இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது.

கடைசி வாய்தா அன்றுதான் சார், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டை வக்கீல் எழுந்தான். "ஒரே தாலுகா, ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஒரே பிறந்த தேதி. இப்படி இரண்டு பேர் இருப்பது நடக்கிற காரியமா? மனுதாரர் ஒரு நண்பரைப் பிடித்து வந்து கடனைத் தள்ளிவிடப் பார்க்கிறார்" என்றான். நான் விட்டேனா? பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டின் நகலை எடுத்து நீட்டினேன். வகுப்பு முழுக்க ஜூன் ஒன்று. கையைத் தலைக்கு மேலே போட்டுக் காதைத் தொட்டே காட்டினேன். ஆணையத் தலைவர் அய்யாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த இடத்திலேயே கேஸ் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அரை மணி நேரம் பேசினேன். சட்டப் புத்தகத்தில் இருந்து மூன்று இடம் எடுத்துச் சொன்னேன். அதில் ஒன்று வாடகைச் சட்டம் என்று உறுப்பினர் அம்மா சொன்னார்கள். அது போகட்டும்.

அதற்கப்புறம் ஒரு முறைக்காக மூன்றாம் எதிர்தரப்பைக் கூப்பிட்டார்கள். வெயிலு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

"இந்தக் கடன் யாரோடது?" என்றார் தலைவர் அய்யா.

"என்னோடதுங்கய்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லணும். இப்ப ஒங்க பேர்ல எதுவும் இல்ல. இதைச் சொன்னா இனிமே ஒங்க பேர்ல ஏறும். நாளைக்கு ஒங்களுக்கு எந்த பேங்கும் கடன் தராது. தெரியுமா?"

"தெரியும்ங்கய்யா. வண்டிய ஓட்டுனது நான்தானங்கய்யா."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். இரண்டு நிமிஷம் இருக்கும். எனக்கு அரை மணி நேரம். அப்புறம் டை வக்கீல் எழுந்திருக்கவே இல்லை. வெளியே வந்ததும் வெயிலிடம் சொன்னேன், "பாத்தியா, நான் பேசினதுல ஆடிப் போயிட்டான்." "ஆமா மாப்ளே, நல்லா பேசுன" என்றான்.

தீர்ப்பு வந்தது. நாற்பத்தைந்து நாளில் என் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். மன உளைச்சலுக்கு இரண்டு கம்பெனியும் சேர்ந்து பதினைந்தாயிரம். மூன்றாம் எதிர்தரப்பு மீதான புகார் தள்ளுபடி.

"தள்ளுபடின்னா, நானும் ஜெயிச்சிட்டனா?" என்றான்.

"ஆமா. ஒன்மேல போட்ட கேஸ்ல நீ ஜெயிச்சிட்ட."

"அப்ப ரெண்டு பேரும் ஜெயிச்சிருக்கோம்" என்று சிவகாசியில் பைக்கை நிறுத்திப் புரோட்டா வாங்கிக் கொடுத்தான். அன்றைக்குப் பில் முறைக்கு அவன்தான், அதனால் நானும் மறுக்கவில்லை.

ஜெசிந்தா மேடம் மறுபடி தட்டிப் பார்த்தார்கள். எழுநூற்று எண்பத்தொன்று! கனகுவிடம் சொன்னேன், படிக்கிற காலத்தில்கூட நான் இப்படி வாங்கியதில்லை என்று. ஃபைல் ரீஜினல் ஆபீசுக்குப் போயிருக்கிறது. போன வாரம். ஓனர் மகன் இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டான், அதற்குள் வந்துவிடும். மேடம் ஒன்று மட்டும் கறாராகச் சொன்னார்கள். "சாங்ஷன் வர்ற வரைக்கும் எங்கேயும் கையெழுத்துப் போட்டுராதீங்க சார். தவணைக்கு டிவி வேண்டாம், ஃப்ரிட்ஜ் வேண்டாம். யாருக்கும் ஜாமீன் நிக்காதீங்க. உங்களுக்குக் குடுக்குறதே விளிம்புல இருக்கு. இன்னொருத்தர் கடன் உங்க பேர்ல தெரிஞ்சா, மேல இருக்கிறவுங்க ஃபைலத் திருப்பிருவாங்க." நான் கையைக் கட்டிக்கொண்டு, "பேனாவையே தொடமாட்டேன் மேடம்" என்றேன்.

இந்தச் சமயம் பார்த்து வெயிலு மகள் அபிநயாவுக்கு மதுரையில் நர்சிங் சீட்டு கிடைத்திருக்கிறது. கெட்டிக்காரப் பெண். கல்விக் கடனுக்கு விருதுநகரில் ஒரு பேங்க்கில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். போன வருஷம் எழுதிக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும். இப்போது தகப்பனார் பெயரைத் தட்டினால் லோடு வேன் வருகிறது. எத்தனை சுறுசுறுப்பு பாருங்கள், என் கணக்கில் இருந்து எடுக்க ஒரு வருஷம், அவன் கணக்கில் ஏற்ற ஒரு மாதம். ஸ்கோர் நன்றாக இருக்கிற யாராவது ஜாமீன் நின்றால் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். ஃபீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை அவன் கடைக்கு வந்தான். கால் கிலோ காராச்சேவு கேட்டான். பொட்டலம் கட்டும்போது சொன்னான். "அபிக்கு சீட்டு கெடச்சிருச்சு மாப்ளே. லோனுக்குத்தான் ஜாமீன் கேக்கான்."

நான் உடனே சொல்லிவிட்டேன். இந்த மாதிரி விஷயத்தில் முகம் பார்க்கக் கூடாது சார். "எங்கிட்ட மட்டும் கேட்டுறாத. மேடம் கறாரா சொல்லியிருக்காக. கட்டடம் போயிரும்."

"ஒங்கிட்ட கேக்கல மாப்ளே. சீட்டு கெடச்சிச்சே, சொல்லணும்ல. அதுக்கு வந்தேன்."

சேவுக்குக் காசு வேண்டாம் என்றேன். தராசுத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அப்படி என்ன வீம்பு?

அன்றைக்குப் பார்த்து ஒரு ஈடு சேவு கருகிவிட்டது. கனகு கையில் இருபத்திரண்டு வருஷத்தில் கருகியதே இல்லை. சிலிண்டரில் ஏதோ கோளாறு, அழுத்தம் கூடிவிட்டது. இரண்டு நாளாக அவள் என்னோடு பேசுவதும் இல்லை, அடுப்பு வெக்கை அப்படி. கேட்டால், "என்ன பேசணும்?" என்கிறாள். நானும் சட்டப்படி யோசித்துப் பார்த்துவிட்டேன். என் மேல் ஒரு தப்பும் இல்லை. தீர்ப்பிலேயே இருக்கிறது. நான் யார், அவன் யார் என்று அரசாங்கமே பிரித்துக் கொடுத்திருக்கிறது. ஒரு வருஷம் அலைந்து பிரித்தது. யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். நீங்களே சொல்லுங்கள்.

சொல்ல மாட்டீர்கள். பரவாயில்லை, பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது.

விருதுநகர் வந்துவிட்டது போலிருக்கிறதே. பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை. அந்தப் பதினைந்தாயிரம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? டிடி வந்துவிட்டது. போட்டாயிற்று. உங்களுக்கும் ஏதாவது கம்பெனி இப்படி மக்கர் செய்தால் விடாதீர்கள் சார், நேராக ஆணையம். வக்கீல் வேண்டாம். எதிர்தரப்பில் யாரையும் விட்டுவிடக் கூடாது, அது ஒன்றுதான் முக்கியம்.

கறுப்பு மை பேனா இருக்கிறதா உங்களிடம்? நீலம் எடுக்க மாட்டார்கள். அந்தப் பத்திரிகையையும் கொஞ்சம் கொடுங்கள், தொடையில் வைத்து எழுதினால் பேனா தாளைக் குத்திவிடும். இதில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருக்கிறது அந்தப் பெண் அபி, ஜாமீன்தாரர் என்ற இடத்தில். இங்கே ஒன்று. பின்பக்கம் இரண்டு. பஸ் ஆடுகிறது, சிக்னலில் நிற்கட்டும்.

மதுரையில் சேவு வாங்காதீர்கள் சார், பூண்டே போடுவதில்லை. திரும்பிப் போகும்போது சாத்தூரில் இறங்கி யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். கடை வெயிலு என்று கேளுங்கள், வெறும் வெயில்முத்து என்று கேட்டால் சுற்ற விட்டுவிடுவார்கள்.

இந்தாருங்கள் பேனா. மூடியை அழுத்திப் போட்டிருக்கிறேன்.